இயக்க வரைபடம் பொருந்தாமல் வரும்போது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

இயக்கவியல் பாடம் தொடங்கி இரண்டு வாரம் கழித்து என் மேசையில் சேரும் பதினொன்றாம் வகுப்பு நோட்டுகளில் ஏழெட்டுப் பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. சூத்திரம் தெரியாததால் வருபவை அவற்றில் மிகக் குறைவு. சூத்திரத்தைப் பிசகின்றி ஒப்பிக்கும் மாணவரே, தாம் வரைந்த கோடு என்ன சொல்கிறது என்று கேட்டால் தயங்கி நிற்கிறார். அந்தப் பிழைகளைத் திருத்தித் திருத்தி எனக்குப் பழகிப்போன வரிசையை இங்கே எழுதுகிறேன். உங்கள் வரைபடத்தில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், நேரமோ பணமோ கேட்கும் காரணம் பின்னால் வரும். எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு ஆசிரியரிடமோ ஆய்வக உதவியாளரிடமோ செல்ல வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

இரண்டு அச்சுகளின் பெயரையும் அலகையும் வாய்விட்டுப் படியுங்கள். "கிடை அச்சில் காலம், வினாடியில். செங்குத்து அச்சில் நிலை, மீட்டரில்." மனத்துக்குள் படித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, ஏனென்றால் கண் கோட்டின் வடிவத்துக்குத் தாவிவிடும், அச்சின் பெயரைப் படித்ததாக நாமே நம்பிக்கொள்வோம். ஒரே படுத்த கோடு, நிலை வரைபடத்தில் பொருள் நிற்பதைக் குறிக்கும், திசைவேக வரைபடத்தில் மாறாத திசைவேகத்துடன் ஓடுவதைக் குறிக்கும், முடுக்க வரைபடத்தில் சீராக மாறிக்கொண்டே இருக்கும் திசைவேகத்தைக் குறிக்கும். கோட்டைப் பார்த்து இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது, அச்சைப் பார்த்தால்தான் முடியும். பல நோட்டுகளில் பிழை இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஓர் உண்மையான அட்டவணை கையில் இருப்பது நல்லது. நான் பயன்படுத்துவது, 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடியபோது எடுக்கப்பட்ட அளவுகள். 20 மீட்டரை 2.89 வினாடியிலும், 40 மீட்டரை 4.64 வினாடியிலும், 60 மீட்டரை 6.31 வினாடியிலும், 80 மீட்டரை 7.92 வினாடியிலும் அவர் கடந்தார். கீழே சாய்வைப் பார்க்கும்போது இந்த எண்களுக்குத் திரும்பி வருவேன்.

அறிகுறி: வரைபடம் பாதையின் படமாகத் தெரிகிறது

நிலை வரைபடத்தில் கோடு ஏறிப் பின் இறங்கினால், "சைக்கிள் மேட்டில் ஏறி இறங்கியது" என்று விடை வரும். ஒரு மாணவி தன் வரைபடக் கோட்டின் மேல் பென்சிலால் ஒரு சிறிய சைக்கிளையே வரைந்திருந்தார். சக்கரம் இரண்டும் கோட்டின் மேல் துல்லியமாக உட்கார்ந்திருந்தன, கோடு உச்சியைத் தாண்டிய இடத்தில் "இறக்கத்தில் வேகம் கூடுகிறது" என்று குறிப்பும் இருந்தது. உண்மையில் அந்தக் கணக்கில் சைக்கிள் சமதளச் சாலையில் கடைக்குப் போய், அதே வேகத்தில் வீட்டுக்குத் திரும்பியது.

எளிய காரணம், அச்சைப் படிக்காதது. அதை மேலேயே பார்த்துவிட்டோம். அடுத்த காரணம் பழக்கம். புவியியல் பாடத்தில் மலைச்சரிவின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்த கண்ணுக்கு, கிடை அச்சு என்றாலே தரை என்று தோன்றிவிடுகிறது. இதற்கு விளக்கத்தைவிட ஓர் அட்டைத் துண்டு நன்றாக வேலை செய்யும்.

பழைய நோட்டு அட்டையில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் செங்குத்தாக ஒரு கீறல் வெட்டுங்கள். அட்டையை வரைபடத்தின் மேல் வைத்து, இடமிருந்து வலமாகச் சீரான வேகத்தில் நகர்த்துங்கள். கோடு மறைந்துவிடும். கீறலுக்குள் ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலும் கீழும் போய்வருவது தெரியும். அந்தப் புள்ளிதான் உங்கள் சைக்கிள். அது மேலே போவது வீட்டிலிருந்து விலகுவது, கீழே வருவது வீட்டை நெருங்குவது. அட்டையின் நகர்வு காலத்தின் நகர்வு மட்டுமே. சைக்கிள் வரைந்த அந்த மாணவி அட்டையை மூன்று முறை நகர்த்திப் பார்த்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே தன் குறிப்பை அழித்தார்.

அட்டைச் சோதனைக்குப் பிறகும் படம் பாதையாகவே தெரிந்தால், கொஞ்சம் நேரம் கேட்கும் வழிக்குப் போக வேண்டும். வராந்தாவில் சுண்ணாம்புக்கட்டியால் மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒருவர் இரண்டு வினாடிக்கு ஒரு முறை கைதட்ட, நீங்கள் நடந்து, ஒவ்வொரு தட்டலுக்கும் எந்தக் கோட்டில் இருந்தீர்கள் என்பதை மற்றொருவர் குறித்துக்கொள்ளட்டும். நேர்க்கோட்டில் நடந்து, நின்று, திரும்பி வாருங்கள். பிறகு அந்த அட்டவணையை வரைபடமாக்குங்கள். உங்கள் கால் நடந்த நடை மலையாக எழுவதைப் பார்த்தவர் இந்தப் பிழைக்குத் திரும்புவது அரிது. அதன் பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால், அட்டவணையிலிருந்து புள்ளிகளைக் குறிப்பதிலேயே தடுமாற்றம் இருக்கிறது என்று பொருள். அதற்குக் கணித ஆசிரியரிடம் அரைமணி நேரம் உட்காருவதே சரி. இயற்பியல் ஆசிரியர் எத்தனை முறை விளக்கினாலும் அந்த அடித்தளம் இல்லாமல் நிற்காது.

அறிகுறி: சாய்விலிருந்து கிடைக்கும் திசைவேகம் விடையோடு ஒத்துப்போகவில்லை

நிலை வரைபடத்தில் கோட்டின் சாய்வு, அதாவது நிலையின் மாற்றத்தைக் காலத்தின் மாற்றத்தால் வகுத்தது, திசைவேகத்தைத் தரும். அது பொருந்தாவிட்டால் முதலில் எத்தனை மடங்கு பிசகுகிறது என்று வகுத்துப் பாருங்கள். 3.6 மடங்கு என்றால் கிலோமீட்டர்/மணியும் மீட்டர்/வினாடியும் கலந்துவிட்டன. 60 மடங்கு என்றால் நிமிடமும் வினாடியும், அல்லது மணியும் நிமிடமும் கலந்துவிட்டன. வேறு எதையும் தேட வேண்டாம். சரியாகத் தலைகீழாக வந்தால், காலத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நிலையில் ஏற்பட்ட மாற்றத்தால் வகுத்திருக்கிறீர்கள்.

மடங்கு எதற்கும் பிடிபடவில்லை என்றால், நீங்கள் எடுத்தது இரண்டு புள்ளிகளா, ஒரு புள்ளியா என்று பாருங்கள். இந்த அறிகுறியில் நான் அதிகம் காணும் காரணம் இதுதான். போல்ட் 80 மீட்டர் குறியைத் தாண்டும்போது அவருடைய திசைவேகம் என்ன என்று கேட்டால், 80-ஐ 7.92-ஆல் வகுத்து 10.1 மீ/வி என்று எழுதிவிடுகிறார்கள். அது தொடக்கத்திலிருந்து அதுவரை ஓடிய சராசரி. 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரை அவர் எடுத்துக்கொண்டது 1.61 வினாடி மட்டுமே, ஆகவே அந்தப் பகுதியின் சாய்வு 12.4 மீ/வி. இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கில் நேர் மாறல் வரைபடங்கள் எல்லாம் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்க்கோடுகள், அங்கே எந்தப் புள்ளியை எடுத்து வகுத்தாலும் ஒரே மாறிலி கிடைக்கும். கோடு ஆதிப்புள்ளியில் தொடங்காவிட்டாலோ, வளைந்தாலோ அந்த வசதி போய்விடுகிறது. ஆகவே கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடையே ஒரு செங்கோண முக்கோணத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கங்களின் நீளத்தை அச்சின் அலகில் எழுதிய பிறகே வகுத்தல் செய்யுங்கள்.

முக்கோணம் சிறியதாக இருந்தாலும் பிழை வரும். வரைபடத்தாளில் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள முக்கோணத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்து விழுக்காடு போய்விடும், பத்து சென்டிமீட்டர் முக்கோணத்தில் அதே பிசகு ஒரு விழுக்காடுதான். நேர்க்கோடாக இருந்தால் அதன் இரு முனைகளுக்கும் அருகிலிருந்து புள்ளிகளை எடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 3 அலகு, 7 அலகு என்று அளவுத்திட்டம் வைத்துக்கொண்டு இடைப்பட்ட மதிப்புகளைப் படிக்கத் திணறுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். 1, 2, 5, அல்லது அவற்றின் பத்து மடங்குகளோடு நின்றுகொள்ளுங்கள்.

பாகைமானியை வைத்துக் கோணத்தை அளந்து, அதன் டேன் மதிப்பைச் சாய்வு என்று எழுதுவது இன்னொரு காரணம். சாய்வு என்பது சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு என்று ஆயத்தொலை வடிவியலில் படித்தது உண்மைதான், ஆனால் அங்கே இரு அச்சுகளிலும் ஒரே அளவுத்திட்டம். இங்கே ஒரு அச்சில் சென்டிமீட்டருக்கு 20 மீட்டரும் மற்றொன்றில் சென்டிமீட்டருக்கு 1 வினாடியும் இருக்கும்போது, தாளில் தெரியும் கோணத்துக்கு இயற்பியல் பொருள் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் அதே அட்டவணையை வேறு அளவுத்திட்டத்தில் வரைந்து பாருங்கள். கோணம் மாறும், சாய்வு மாறாது.

கோடு வளைவாக இருந்து ஒரு கணத்தின் திசைவேகம் வேண்டுமென்றால் தொடுகோடு வரைய வேண்டும், அதில் கை தடுமாறுவது இயல்பு. ஒரு சிறிய சமதளக் கண்ணாடித் துண்டைத் தாளுக்குச் செங்குத்தாக, வளைவின் குறுக்கே அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். வளைவும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் முறிவில்லாமல் ஒரே வளைவாகச் சேரும்வரை கண்ணாடியைத் திருப்பி, அதன் விளிம்பு ஓரமாகக் கோடு போட்டால் அது செங்கோடு. அதற்கு 90 பாகையில் வரைவது தொடுகோடு. இதையும் செய்து இரண்டு முறை வெவ்வேறு விடை வந்தால், வளைவே சரியாக வரையப்படவில்லை. புள்ளிகளை ஸ்கேலால் இணைத்திருந்தால் அழித்துவிட்டு, ஒரே வீச்சில் மெல்லிய வளைவாக மீண்டும் வரையுங்கள்.

அறிகுறி: கோடுகள் வெட்டும் இடத்தில் இரு வண்டிகளும் சந்தித்ததாக விடை வருகிறது, அது தவறு என்று சொல்கிறார்கள்

பேருந்து ஒன்று 10 மீ/வி என்னும் மாறாத திசைவேகத்தில் போகிறது. அது கடக்கும் அதே கணத்தில், சாலையோரம் நின்றிருந்த பைக் 2 மீ/வி² முடுக்கத்துடன் கிளம்பி அதே திசையில் போகிறது. திசைவேக வரைபடத்தில் ஒரு படுத்த கோடும் ஒரு சாய்ந்த கோடும் 5-ஆவது வினாடியில் வெட்டிக்கொள்கின்றன. "5-ஆவது வினாடியில் பைக் பேருந்தைப் பிடித்துவிட்டது" என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை.

சோதனை ஒன்றே ஒன்று. திசைவேகக் கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு, கடந்த தொலைவைத் தரும். வெட்டும் கணம் வரை இரண்டு கோடுகளின் கீழும் உள்ள பரப்பைத் தனித்தனியே கணக்கிடுங்கள். பேருந்துக்கு 50 மீட்டர், பைக்குக்கு 25 மீட்டர். அதாவது அந்தக் கணத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் போகின்றன, ஆனால் பைக் 25 மீட்டர் பின்னால் இருக்கிறது. இன்னும் சொன்னால், இடைவெளி மிக அதிகமாக இருக்கும் கணமே அதுதான், அதன் பிறகே குறையத் தொடங்குகிறது. 10-ஆவது வினாடியில் இரண்டும் 100 மீட்டர் போயிருக்கும், அங்கேதான் பைக் பிடிக்கிறது, அப்போது அதன் திசைவேகம் 20 மீ/வி. இதே கதையை நிலை வரைபடமாக அடுத்த பக்கத்தில் வரைந்தால், அதில் கோடுகள் வெட்டுவது 10-ஆவது வினாடியில்தான். ஒரே நிகழ்வுக்கு இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, காலத்தை நேர் கீழே பொருத்தி வரையும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிழை தானாக உதிர்ந்துவிடும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. நிலை வரைபடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் மோதல் என்று எழுதிவிடுகிறார்கள். ரயில்வேயின் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பிரிவுக் கட்டுப்பாட்டாளர் பயன்படுத்தும் ஓட்ட வரைபடம் இந்த வகைதான்: கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் வரிசையாக நிலையங்கள். ஒரு திசை ரயில்கள் மேலேறும் கோடுகள், எதிர்த்திசை ரயில்கள் இறங்கும் கோடுகள், நிலையத்தில் நிற்கும் ரயில் படுத்த கோடு. ஒற்றைப் பாதையில் அந்தக் கோடுகள் நிலையம் இருக்கும் உயரத்தில் மட்டுமே வெட்டிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரு ரயில் கிளைப்பாதையில் ஒதுங்க, மற்றது கடந்து செல்வது அங்கேதான் நடக்கும். வெட்டுப்புள்ளி "ஒரே நேரம், ஒரே இடம்" என்று மட்டும் சொல்கிறது. மோதலா, கடத்தலா, கைகுலுக்கலா என்பதைக் கணக்கின் வாசகம்தான் சொல்லும்.

அறிகுறி: எதிர்க்குறி வந்ததும் எல்லாம் குழம்புகிறது

"முடுக்கம் எதிர்க்குறி, ஆகவே பொருள் மெதுவாகிறது" என்று எழுதியிருந்தால் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டு, திசைவேகத்தின் குறி என்ன என்று மட்டும் கேட்பேன். திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்க் குறியில் இருந்தால் குறையும். வரைபடத்தில் இதைப் பார்க்க இன்னும் எளிய வழி இருக்கிறது. திசைவேகக் கோடு கால அச்சை நோக்கிப் போனால் பொருள் மெதுவாகிறது, கால அச்சிலிருந்து விலகிப் போனால் விரைகிறது. கோடு அச்சுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது திசையை மட்டுமே சொல்லும்.

மேல்நோக்கி 19.6 மீ/வி வேகத்தில் எறியப்பட்ட பந்தை எடுத்துச் சோதியுங்கள். மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று தாளின் மேல் மூலையில் எழுதிவிடுங்கள். இதை எழுதாமல் தொடங்குவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். திசைவேகக் கோடு +19.6-இல் தொடங்கி, 2-ஆவது வினாடியில் அச்சைத் தொட்டு, 4-ஆவது வினாடியில் −19.6-ஐ அடையும் ஒரே நேர்க்கோடு. நடுவில் முறிவே இல்லை. சாய்வு தொடக்கம் முதல் முடிவு வரை −9.8. உச்சியில் திசைவேகம் சுழி, அதனால் முடுக்கமும் சுழி என்று எழுதியவர்கள், அந்த இடத்தில் கோடு படுத்திருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்க்கட்டும். படுத்திருக்கவில்லை.

உங்கள் கோடு அச்சைத் தொட்டதும் மறுபடி மேலே திரும்பி ஆங்கில "V" வடிவம் எடுத்தால், நீங்கள் வரைந்திருப்பது திசைவேகம் அன்று, திசைக்குறி இல்லாத வேகம். வினா எதைக் கேட்கிறது என்று திரும்பிப் படியுங்கள். குறியை எங்கே மாற்றினாலும் விடை பொருந்தவில்லை என்றால், ஆதிப்புள்ளியும் நேர்த்திசையும் கணக்கின் நடுவே மாறியிருக்கும். அந்தக் கணக்கைத் திருத்த முயலாமல் புதிய தாளில் முதலிலிருந்து எழுதுவதே குறைந்த நேரம் பிடிக்கும்.

அறிகுறி: பரப்பிலிருந்து கிடைக்கும் தொலைவு நம்ப முடியாததாக இருக்கிறது

ஒரு ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி 40 வினாடியில் 72 கி.மீ./மணி வேகத்தை எட்டி, 60 வினாடி அதே வேகத்தில் ஓடி, 25 வினாடியில் நிற்பதாகக் கணக்கு. விடை 6660 என்று வந்து, "மீட்டர்" என்றும் எழுதப்பட்டிருந்தால், செங்குத்து அச்சு மணிக் கணக்கிலும் கிடை அச்சு வினாடிக் கணக்கிலும் இருந்திருக்கிறது. 72 கி.மீ./மணி என்பது 20 மீ/வி. 400, 1200, 250 என்று மூன்று துண்டுகளும் சேர்ந்து 1850 மீட்டர். 2500 என்று வந்தால், முடுக்கப் பகுதியையும் நிறுத்தப் பகுதியையும் முக்கோணமாகக் கொள்ளாமல் முழுச் செவ்வகமாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள்.

எறிந்த பந்தின் கணக்கில் தொலைவு சுழி என்று வந்தால், அச்சுக்கு மேலுள்ள 19.6-ஐயும் கீழுள்ள 19.6-ஐயும் குறியோடு கூட்டியிருக்கிறீர்கள். அது இடப்பெயர்ச்சி. கடந்த தொலைவு 39.2 மீட்டர். நிலை வரைபடத்தின் கீழ்ப் பரப்பைக் கணக்கிட்டவர்கள் அலகை எழுதிப் பார்த்தால் மீட்டர்-வினாடி என்று வரும், அந்தப் பரப்பை இங்கே யாரும் கேட்கவில்லை.

அறிகுறி: கோடு செங்குத்தாக நிற்கிறது, அல்லது பின்னோக்கி வளைகிறது

நிலை வரைபடத்தில் செங்குத்துக் கோடு இருந்தால், ஒரே கணத்தில் பொருள் பல இடங்களில் இருந்ததாகப் பொருள். கோடு இடப்பக்கம் வளைந்தால் காலம் பின்னால் போனதாகப் பொருள். இரண்டுமே நடக்காதவை. அட்டவணையில் ஒரு நேரத்தை இருமுறை எழுதியிருக்கிறீர்களா, அச்சுகளை இடம் மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். பாடநூல் படங்களில் நேர்க்கோடுகள் கூர்முனையில் சேர்வது எளிமைக்காக ஏற்றுக்கொண்டது, அதைப் பிழையாகக் கருத வேண்டாம்.

அறிகுறி: செல்பேசி வீடியோவிலிருந்து எடுத்த புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்கு அருகிலேயே வரவில்லை

பந்தை விழவிட்டு வீடியோ எடுத்து, பிரேம் பிரேமாக நிலையைக் குறித்து வரைபடமாக்கும் செய்முறை இன்று எளிதாகிவிட்டது. கணினியில் டிராக்கர் போன்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும். ஆனால் வரும் விடைகள் மனத்தைச் சோர்வடையச் செய்யும். ஒரு மாணவர் நான்கு நாள் முயன்று 0.15 மீ/வி² என்ற விடையோடு வந்து நின்றார், பந்தையும் இரண்டு முறை மாற்றியிருந்தார்.

முடுக்கம் ஏறத்தாழ 0.15 என்று வந்தாலோ 0.6 என்று வந்தாலோ பந்தைத் தொட வேண்டாம். வினாடிக்கு 240 பிரேம் எடுத்த ஸ்லோமோஷன் வீடியோ, வினாடிக்கு 30 பிரேமாக ஓடும் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. காலம் 8 மடங்கு நீண்டால் முடுக்கம் 64 மடங்கு சுருங்கும். 120 பிரேமாக இருந்தால் 16 மடங்கு. வீடியோவை மீண்டும் எடுக்கும்போது, பந்துக்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடும் இன்னொரு செல்பேசியைச் சட்டகத்துக்குள் வைத்துவிடுங்கள், காலத்தைப் பற்றிய சந்தேகமே எழாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட 0.64 வினாடி ஆகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடை 10.5, 10.8 என்று ஒரே பக்கமாக மிகுந்து வந்தால், அளவுகோல் எங்கே இருந்தது என்று பாருங்கள். கேமரா பந்திலிருந்து 2 மீட்டர் தள்ளியும், அளவுகோல் பந்துக்கு 20 செ.மீ. பின்னால் சுவரிலும் இருந்தால், அளவுகோல் படத்தில் சிறுத்துத் தெரியும், பந்தின் நகர்வு பத்து விழுக்காடு பெரிதாகக் கணக்காகும். அளவுகோலைப் பந்து விழும் தளத்திலேயே நிறுத்துங்கள். கேமராவைச் சாய்க்காமல், விழும் உயரத்தின் நடுமட்டத்தில், இயன்ற அளவு தொலைவில் வையுங்கள், அகலக்கோண லென்சைத் தவிர்த்துவிடுங்கள்.

நிலை வரைபடம் அழகான வளைவாகவும், திசைவேக வரைபடம் ரம்பப் பல்லாகவும், முடுக்க வரைபடம் பார்க்க முடியாத சிதறலாகவும் வருவது இன்னொரு புகார். கருவி கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பந்தின் மையத்தைக் குறிப்பதில் அரை சென்டிமீட்டர் பிசகுவது எல்லாருக்கும் உள்ளது. 30 பிரேம் வீடியோவில் அடுத்தடுத்த பிரேம்களைக் கழித்துத் திசைவேகம் கண்டால் அந்த அரை சென்டிமீட்டர் வினாடிக்கு 15 சென்டிமீட்டர் ஆகிறது, முடுக்கத்துக்குப் போகும்போது 4.5 மீ/வி² ஆகிவிடுகிறது. 240 பிரேமில் இது இன்னும் மோசம். ஆகவே அடுத்தடுத்த பிரேம்களை எடுக்காமல், 0.1 வினாடி இடைவெளியுள்ள பிரேம்களை எடுத்துத் திசைவேகம் காணுங்கள். முடுக்கத்தைப் புள்ளிக்குப் புள்ளி கணக்கிடாமல், திசைவேகப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே நேர்க்கோட்டை இழுத்து அதன் சாய்விலிருந்து எடுங்கள்.

திசைவேகக் கோடு தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போகச் சாய்வு குறைந்தால் காற்றுத்தடை. பிளாஸ்டிக் பந்தை வைத்துவிட்டு இரும்புக் குண்டை எடுங்கள், கீழே மணல் தட்டு வைக்க மறக்க வேண்டாம்.

சென்னைப் பகுதியில் கடல்மட்டத்தில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 மீ/வி². உங்கள் செய்முறையில் 9.5-க்கும் 10.1-க்கும் நடுவே எது வந்தாலும் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள், அது நல்ல விடை. 9.8 வர வேண்டும் என்பதற்காக அட்டவணையின் இரண்டு எண்களை அழித்து எழுதும் பழக்கம் நம் ஆய்வகங்களில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அழிக்காத அட்டவணையோடு வரும் 9.4-க்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன், ஏனென்றால் அந்த 9.4-இல் எங்கே பிசகியது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

அறிகுறி: உணரியின் வரைபடத்தில் கூர்முனைகள், அல்லது நின்ற இடத்தில் நகர்வு

மீயொலி உணரியால், அதாவது ஒலி அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு காணும் கருவியால், வரைபடம் எடுப்பவர்கள் முதலில் தூரத்தைச் சரிபார்க்கட்டும். பலரும் வாங்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 உணரி 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை அளக்கக்கூடியது. அதற்குள் இருந்தும் திடீரெனக் கூர்முனைகள் எழுந்தால், எதிரொலி திரும்பவில்லை. சட்டைத் துணியும் சாய்ந்த பரப்பும் ஒலியை ஏமாற்றிவிடும். நடப்பவர் மார்பின் முன் ஒரு தட்டையான அட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும், பக்கத்திலுள்ள பெஞ்சுகளை நகர்த்திவிடுங்கள். அளவீடுகளுக்கு இடையே 60 மில்லிவினாடியாவது விடுங்கள், இல்லாவிட்டால் முந்தைய எதிரொலி அடுத்ததில் கலக்கும். எல்லா அளவும் இரண்டு மூன்று விழுக்காடு குறைவாக வந்தால், நிரலில் ஒலியின் வேகம் 340 என்று இருக்கும், 30 பாகை வெயிலில் அது ஏறத்தாழ 349 மீ/வி. இத்தனைக்கும் பிறகு, அசையாத சுவரின் முன்னே வைத்த உணரியும் தாறுமாறாகக் காட்டினால், இணைப்புக் கம்பியை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஆய்வக உதவியாளரிடம் கொடுத்து வேறு உணரி கேளுங்கள், இந்த உணரியைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு.

செல்பேசியின் முடுக்கமானி, மேசை மேல் சும்மா இருக்கும்போது 9.8 காட்டினால் அது பழுது இல்லை, அந்தக் கருவி அப்படித்தான் அளக்கும். புவியீர்ப்பை நீக்கிய முடுக்கம் என்ற தேர்வு செயலியில் இருக்கும், ஃபைபாக்ஸ் செயலியில் அது தனிச் செய்முறையாகவே இருக்கிறது. ரயிலில் வைத்து முடுக்கத்தை அளந்து, பரப்பின் வழியே திசைவேகமும் அதன் பரப்பின் வழியே தொலைவும் காண முயல்பவர்கள், நின்றுவிட்ட ரயில் வரைபடத்தில் ஓடிக்கொண்டே இருப்பதைக் காண்பார்கள். 0.05 மீ/வி² என்னும் மிகச் சிறிய நிலையான பிசகு 60 வினாடியில் 3 மீ/வி திசைவேகமாகவும் 90 மீட்டர் தொலைவாகவும் பெருகிவிடும். ரயில் இரண்டு நிலையங்களிலும் நின்றது என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியும். கிளம்பும் முன் பத்து வினாடி அளந்து, அதன் சராசரியை எல்லா அளவுகளிலிருந்தும் கழியுங்கள். கடைசியிலும் திசைவேகம் சுழிக்கு வராவிட்டால், மீதமுள்ள பிசகைக் காலத்துக்கு ஏற்பச் சீராகப் பரப்பிக் கழியுங்கள். அதற்குப் பின்னும் தொலைவு பாதிக்கு மேல் தவறினால், செல்பேசி ஓட்டத்தின் நடுவே கையில் திரும்பியிருக்கும். அந்த அளவீட்டைக் காப்பாற்ற முடியாது, செல்பேசியை இருக்கையில் டேப்பால் ஒட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடாமல் ஆசிரியரிடம் செல்லும்போது, அழகாகப் படி எடுத்த வரைபடத்தை விட்டுவிட்டு, செய்முறையின்போது கையில் குறித்த அட்டவணையையும், அழித்தல் திருத்தலோடு கூடிய முதல் வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வீடியோ என்றால் வெட்டாத மூலக் கோப்பையே கொண்டுபோங்கள். எது நேர்த்திசை, எது ஆதிப்புள்ளி, காலம் எந்தக் கணத்தில் தொடங்கியது என்னும் மூன்றையும் தாளின் தலைப்பில் எழுதிவிட்டுப் போனால், பெரும்பாலும் அதை எழுதும்போதே பிழை உங்கள் கண்ணில் பட்டுவிடும்.